மருந்தும் மக்கள் நலமும்: சாவார் மையம் கண்ட 1982

துணி வாங்கச் செல்பவன் இழையைத் தடவிப் பார்க்கிறான். நெல் வாங்குபவன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறான். மருந்து வாங்குபவனுக்கு மட்டும் அந்த வாய்ப்பில்லை. புட்டியின்மேல் எழுதியிருப்பதை நம்பி விழுங்குவதைத் தவிர அவன் செய்யக்கூடியது வேறொன்றுமில்லை. ஆகவேதான் முன்னாளைய அரசுகள் மருந்து விற்போரைத் தனியே கண்காணித்தன. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அல் ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா’ என்னும் நூலில், சர்பத்து காய்ச்சுவோர், மருந்துச் சரக்கு விற்போர், மருத்துவர் ஆகியோரைப் பற்றித் தனித்தனி இயல்களே உள்ளன. எந்தச் சரக்கில் எதைக் கலப்பார்கள், அதை எவ்வாறு கண்டறிவது என்பதையெல்லாம் அவர் விளக்குகிறார்.

முஹ்தஸிபின் பதவி மறைந்துவிட்டது. அவருடைய வேலை மறையவில்லை. அந்த வேலையை நம் காலத்தில் ஓர் ஏழை நாடு துணிந்து கையிலெடுத்த வரலாறு, பெரும்பாலும் ஒரு தொண்டு அமைப்பின் வரலாறாகும். அந்நாடு வங்காள தேசம். அவ்வமைப்பு ‘கணசுவாஸ்திய கேந்திரம்’. தமிழில் மக்கள் நல்வாழ்வு மையம் எனலாம்.

அதன் தோற்றம் போர்க்களத்தில் நிகழ்ந்தது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்றுகொண்டிருந்த டாக்டர் ஜஃபருல்லாஹ் சௌதுரி, இறுதித் தேர்வை எழுதாமலே புறப்பட்டார். இதய அறுவை மருத்துவரான டாக்டர் எம். ஏ. முபீன் அவருடன் இணைந்தார். இந்திய எல்லைக்குள், திரிபுரா மண்ணில், மூங்கிலாலும் ஓலையாலும் 480 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று எழுந்தது. பயிற்சி பெற்ற தாதியர் கிடைக்கவில்லை. ஆகவே முன்பு மருத்துவமே அறியாத பெண்களுக்குச் சில நாட்களில் காயம் கட்டவும் ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் அவ்வேலையைச் செம்மையாகச் செய்தார்கள். வேறு வழியின்றிச் செய்த இந்த ஏற்பாடே பின்னாளில் அவ்வமைப்பின் கொள்கையாயிற்று.

1971 டிசம்பரில் போர் முடிந்தது. போர் முடிந்தபின் போர் மருத்துவமனைக்கு என்ன வேலை? கலைந்து செல்வதே இயல்பு. அவர்களோ கலையாமல், 1972-இல் டாக்காவுக்கு வடமேற்கேயுள்ள சாவாரில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். துப்பாக்கிக் குண்டு துளைத்தவரைவிட, வயிற்றுப்போக்கிலும் பிரசவத்திலும் இறப்பவர் பன்மடங்கு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து, துணைமருத்துவப் பணியாளராகப் பயிற்றி, வீடு வீடாக அனுப்பினார்கள். பெண்கள் மிதிவண்டியில் செல்வதைக் கண்டு ஊரார் முதலில் முகம் சுளித்தனர். தங்கள் குழந்தைக்கு அந்தப் பெண்களின் கையால் நலம் கிடைத்தபோது சுளிப்பு அடங்கியது. அவர்கள் செய்த சிறு அறுவைச் சிகிச்சைகளைப் பற்றிய கட்டுரை 1975-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதை எளிதாகவும் இருக்கவில்லை. 1976-இல் மையத்தின் பணியாளர் ஒருவர் கிராமத்தில் கொலை செய்யப்பட்டார். ஏழைகளுக்கு மருத்துவம் கிட்டுவதைத் தம் வருவாய்க்கு இழப்பாகக் கருதுவோர் எங்கும் உளர்.

இவ்வாறு ஊர்தோறும் சென்றவர்களே ஓர் உண்மையைக் கண்டார்கள். நோயைக் கண்டறியலாம், மருந்துக்கு எங்கே போவது? அந்நாளில் வங்காள தேசத்தில் உரிமம் பெற்ற மருந்து நிறுவனங்கள் 166 இருந்தன. எனினும் எட்டுப் பன்னாட்டு நிறுவனங்களே உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தம் கையில் வைத்திருந்தன. கடைகளில் சத்து டானிக்குகளும், செரிமானக் கலவைகளும், இருமல் நீர்மங்களும் நிறைந்து கிடந்தன. அரிசிக்கே காசில்லாத தாய், பிள்ளை தேறட்டும் என்று டானிக்கு வாங்கினாள். அந்தக் காசுக்குப் பாலும் முட்டையும் வாங்கியிருந்தால் பிள்ளை உண்மையிலேயே தேறியிருக்கும். உயிர் காக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ எட்டாத விலையில் நின்றது.

மையம் 1981-இல் தானே ஒரு மருந்துத் தொழிற்சாலையைத் தொடங்கியது. தனியார் எவருக்கும் பங்கில்லாமல், வருவாய் அறப்பணிக்கே திரும்பும்படி அது அமைக்கப்பட்டது. வக்ஃபு என்னும் சொல்லின் பொருளை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. மருந்துகளை வணிகப் பெயரில் அன்றி, அவற்றின் பொதுப் பெயரில் குறைந்த விலைக்கு விற்றார்கள். ஆனால் விளம்பரத்தால் பழகிய சந்தையில் ஒரு தொழிற்சாலை மட்டும் என்ன செய்துவிட முடியும்? சட்டம் மாற வேண்டியிருந்தது.

அந்த மாற்றம் வந்த விதம்தான் வரலாற்று மாணவனைச் சிந்திக்க வைப்பது. 1982 மார்ச் 24-ஆம் நாள், படைத் தலைவர் ஹுசைன் முஹம்மத் எர்ஷாத், மக்கள் தேர்ந்த குடியரசுத் தலைவர் அப்துஸ் ஸத்தாரை நீக்கிவிட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். ஏப்ரல் 27-ஆம் நாள், பேராசிரியர் நூருல் இஸ்லாம் தலைமையில் எண்மர் கொண்ட வல்லுநர் குழு அமைந்தது. ஜஃபருல்லாஹ் அதில் ஓர் உறுப்பினர். ஜூன் 12-ஆம் நாள் மருந்துக் கட்டுப்பாட்டு அவசரச் சட்டம் பிறந்துவிட்டது. ஏழு வாரங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை!

குழு 16 அளவுகோல்களை வகுத்திருந்தது. இரு நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கலந்து விற்கலாகாது. டானிக்குகளும் செரிமானக் கலவைகளும் தேவையற்றவை. இருமல் நீர்மம், குழந்தைகளுக்கான கிரைப் வாட்டர் போன்றவை பயனில் குறைந்தவை. எளிய வைட்டமின்களையும் வயிற்றெரிச்சல் மருந்துகளையும் உள்நாட்டு நிறுவனங்களே செய்யட்டும். பன்னாட்டு நிறுவனங்கள் தம் அறிவுத் திறனை அரிய மருந்துகளில் காட்டட்டும். நாட்டில் தொழிற்சாலை இல்லாதவர் பிறர் ஆலையில் செய்வித்துத் தம் பெயரால் விற்கலாகாது. இவற்றின்படி சுமார் 1,700 மருந்துகள் நீக்கப்படவோ திருத்தப்படவோ வேண்டியவை எனப் பட்டியலிடப்பட்டன. 150 மருந்துகள் இன்றியமையாதவை எனக் குறிக்கப்பட்டன. யூனானி, ஆயுர்வேத, ஹோமியோபதி மருந்துகளும் முதன்முறையாகச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்தன.

எதிர்ப்பு உடனே எழுந்தது. நிறுவனங்கள் வாதிட்டன, நாட்டின் மருத்துவர் சங்கம் கண்டித்தது, அமெரிக்கத் தூதரகம் அரசிடம் முறையிட்டது. அரசு மறுஆய்வு செய்து சில மருந்துகளுக்கு விலக்களித்தது. சில கெடுக்களை நீட்டியது. சட்டத்தின் அடிப்படை மட்டும் நிலைத்தது.

எதிர்த்தவர்களின் வாதங்களை எல்லாம் சுயநலம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. அவற்றுள் இரண்டு எடைபோடத் தக்கவை. மருந்துத் தொழிற்சாலை நடத்தும் ஒருவர், பிறர் மருந்துகளைத் தடை செய்யும் குழுவில் அமரலாமா என்பது ஒன்று. மக்களின் இசைவைப் பெறாத ஆட்சியாளரின் கையால் மக்கள் நலச் சட்டத்தைப் பெறலாமா என்பது மற்றொன்று.

முதல் வினாவுக்கு விடை ஓரளவு எளிது. தொழிற்சாலையின் இலாபம் அவர் பைக்குச் செல்லவில்லை. அளவுகோல்களும் அவர் ஒருவர் வகுத்தவை அல்ல. உலக நல்வாழ்வு நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற்பட்டியலை 1977-லேயே வெளியிட்டிருந்தது. எனினும் ஐயத்திற்கு இடமில்லாத தூரத்தில் நிற்பது இன்னும் சிறப்பாயிருந்திருக்கும்.

இரண்டாவது வினா கடினமானது. தேர்தலில் வென்ற அரசு அந்த நிறுவனங்களின் நெருக்கடியைத் தாங்கி நின்றிருக்குமா என்பது ஐயமே; ஆகவே கதவு திறந்தபோது நுழைந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கதவுக்கு விலையுண்டு. 1990-இல் அதே எர்ஷாத் அரசு, ஜஃபருல்லாஹ் பங்கேற்று உருவாக்கிய தேசிய நல்வாழ்வுக் கொள்கையை அறிவித்தது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் மக்கள் எழுச்சி எர்ஷாதை வீழ்த்தியபோது, அக்கொள்கையும் அவரோடு வீழ்ந்தது. நல்ல விதையும் ஆட்சியின் நிழலிலேயே வளர்ந்தால், ஆட்சி சாயும்போது நசுங்கும் என்பதற்கு அது சான்று.

அவ்வாறாயின் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ஏன் பிழைத்தது? அது அதற்குள் மக்களின் வாழ்வில் வேரூன்றிவிட்டது. உள்நாட்டு ஆலைகள் பெருகின. விலைக் கட்டுப்பாடு 1994-இல் 117 மருந்துகளோடு சுருக்கப்பட்டபோதிலும், நாட்டின் மருந்துத் தேவையில் ஏறத்தாழ 97 விழுக்காட்டை உள்நாட்டிலேயே செய்துகொள்ளும் நிலை பின்னாளில் உருவாயிற்று. அன்று தம்மை அழிக்கும் சட்டம் என்று அஞ்சிய உள்நாட்டு முதலாளிகள் பலர் அதனாலேயே செழித்தார்கள்.

ஜஃபருல்லாஹ் 2023 ஏப்ரல் 11-ஆம் நாள், தாம் நிறுவிய மையத்தின் டாக்கா மருத்துவமனையிலேயே காலமானார். அதே ஆண்டில் புதிய மருந்துச் சட்டம் இயற்றப்பட்டு, 1982-ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. மனிதரும் சட்டமும் ஒரே ஆண்டில் விடைபெற்றனர்.

நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பாதி குடித்து வைத்த டானிக்குப் புட்டி ஒன்று அங்கே இருக்கக்கூடும். அதை யார் எழுதிக் கொடுத்தார், எதற்காகக் குடித்தோம், குடித்ததால் என்ன கண்டோம் என்று வீட்டில் ஒருவர் கேட்கட்டும். முஹ்தஸிப் சந்தையில் கேட்ட கேள்வியும், சாவாரின் கூடாரத்தில் பிறந்த கேள்வியும் அதுவேயாகும்.