பால்வெட்டுக் கத்தியும் ஸ்பேனரும்

பெட்டாலிங் ஜெயாவின் வரிசை வீடுகளில் கார் நிறுத்துவதற்கென அமைந்த முன்கொட்டகை, இன்று பல குடும்பங்களுக்குச் சிறு பட்டறையாகவும் பயன்படுகிறது. சுவரில் ஸ்பேனர்கள் அளவு வரிசையில் தொங்குகின்றன. மேசை விளிம்பில் வைஸ் ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. மின்கலத்தால் இயங்கும் துளைக்கருவி, கிரைண்டர், கார் தூக்கும் ஜாக்கி ஆகியவை புதிதாக வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றை வாங்கும் தமிழர்களுள் பலருடைய பாட்டன் பாட்டியர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். சிலருடைய பாட்டனார் இரயில்வேப் பட்டறையில் உழைத்தவர்கள். அவர்களும் நாள்தோறும் கருவி பிடித்தவர்களே. ஆயினும் அந்தக் கருவிக்கும் இந்தக் கருவிக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அதனை ஆராய்வது, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பகுதியை ஆராய்வதாகும்.

செயல் தொடங்குமுன் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டிய ஐந்தனுள் கருவியையும் ஒன்றாக வைத்தார் திருவள்ளுவர். ஒரு கருவி யாருடையது, எங்கே பயன்படும், அதனை ஆளும் அறிவு யாரிடம் உள்ளது என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் அதன் உண்மை மதிப்பு வெளிப்படும்.

வெறுங்கையோடு வந்தவர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கைவினைக் கருவிகள் குலவழிச் சொத்தாக இருந்தன. கொல்லர், தச்சர், கன்னார், கல்தச்சர், தட்டார் எனக் கம்மாளர் ஐவகைப்பட்டனர். உலைக்களமும் உளியும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன. அவற்றோடு தொழில் நுட்பமும் வந்தது. மலாயாவுக்குக் கப்பலேறியவர்களுள் பெரும்பாலோர் இவ்வகுப்பினர் அல்லர். பிறர் நிலத்தில் உழைத்த வேளாண் தொழிலாளர். முதலில் ஒப்பந்தக் கூலி முறையிலும், 1910ஆம் ஆண்டு அம்முறையை ஒழிக்க முடிவான பின்னர்க் கங்காணிகள் வழியாகவும் தாமாகவும் அவர்கள் வந்தனர். 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தைத் தடை செய்யும் வரை இவ்வருகை நீடித்தது. அவர்கள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் துணிமணி இருந்தது. கைத்தொழிற் கருவி இருந்தது மிக அரிது. இந்நாட்டில் அவர்கள் கைக்கு வந்த முதற் கருவிகள் மண்வெட்டியும் பாராங்கத்தியும் பால்வெட்டுக் கத்தியுமாம்.

மரத்தோடு பிணைந்த கத்தி

பால்வெட்டுக் கத்தி எளிய கருவியன்று. 1877இல் இலண்டனுக்கு அண்மையிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. பிரேசில் நாட்டுக் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பது வழக்கம். அவ்வாறு கொத்தினால் மரம் புண்பட்டு முடிச்சு விழும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888 முதல் 1911 வரை தலைமை தாங்கிய ஹென்றி ரிட்லி, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்து பால் எடுக்கும் முறையை வகுத்தார். மலாயாவின் ரப்பர்த் தொழில் அம்முறையின்மீதே எழுந்தது.

பால் ஊறும் நுண்குழாய்கள் உட்பட்டையில் உள்ளன. அவற்றை அடுத்து, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. கத்தி குழாய்களை அறுக்க வேண்டும். படலத்தைத் தொடக் கூடாது. இரண்டிற்கும் இடையே விட வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பாற்குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, 25 முதல் 30 பாகைச் சரிவில் அமைய வேண்டும். அப்போதுதான் மிகுதியான குழாய்கள் அறுபடும். மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில் வெட்டினால் பால் நன்கு வடியும். இவ்வளவும் அறிந்து, தீட்டுக்கல்லில் கத்தியைக் கூராக்கி, பிரட்டுக்குப் பெயர் கொடுத்து, இருள் பிரியுமுன் நிரைக்குச் சென்று நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியவர்களுள் ஆண்களைப் போலவே பெண்களும் இருந்தனர். இத்தகைய கைத்திறனைக் ‘கூலி வேலை’ என்று சொல்லி ஒதுக்கியது பெருந்தவறாகும்.

ஆனால் அக்கைத்திறனுக்கு ஓர் எல்லை இருந்தது. பால்வெட்டுக் கத்தி ரப்பர் மரத்துக்கு மட்டுமே பயன்படும்; மரமோ தோட்டத்துக்குச் சொந்தம். கத்தியை வீட்டுக்குக் கொண்டு சென்றாலும் அதனால் ஒரு காசு ஈட்ட முடியாது. அண்டை ஊருக்குப் போய்க் கடை வைக்கவும் அது உதவாது. கருவியும் திறனும் ஒருங்கே முதலாளியின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. மரம் சாய்ந்தால் இரண்டும் ஒருசேரச் சாயும்.

அவ்வாறு மரம் சாய்ந்த இடங்களுள் ஒன்றே பெட்டாலிங் ஜெயா. கோலாலம்பூரின் மக்கள் நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு, 1,200 ஏக்கர் பரப்புள்ள எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டம் புதுநகருக்கென எடுக்கப்பட்டது. 1952இல் அங்கு 800 வீடுகள் எழுந்தன. அதே காலத்தில் நாட்டின் பிற பகுதிகளில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அத்துண்டாடலால் வேலையும் லயமும் இழந்த தொழிலாளர் பலர். தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கும் பொருட்டு 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் நின்ற இடங்களிற் செம்பனையும் வீட்டு மனைகளும் பரவின. இருபது முப்பது ஆண்டுகள் பால் வெட்டித் தேர்ந்த கை, நகரத்துக்கு வந்தபோது கற்றுக்குட்டியின் கையாக மதிக்கப்பட்டது. உழைப்பிலும் அறிவிலும் குறைந்தவர் அல்லராயினும், வேறிடத்தில் பயன்படும் கருவியும் கலையும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

செந்தூல் கற்பித்த கை

வேறிடத்திலும் பயன்படும் கைத்தொழிலைத் தமிழர் இப்பள்ளத்தாக்கில் பயில இடமளித்தது இரயில்வே. மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து பணிப்படை வரவழைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிய பாதையும் திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் செந்தூலில் மத்தியப் பட்டறை எழுந்தது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கவும், வண்டிகளைக் கட்டவும், வார்ப்பு வேலை செய்யவும் வசதி கொண்ட பெரும் பட்டறை அது. 1945 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளுக்கு இலக்காகிப் பின் மீண்டெழுந்தது. 1957இல் முதன்மைப் பாதைக்கான டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. இந்நூற்றாண்டில் அப்பணிகள் பத்து காஜாவுக்கு மாறின.

அக்காலப் பட்டறைகளில் பிட்டர் வேலை கற்பவனுக்கு முதலிற் கிடைப்பது எந்திரமன்று. அரமும் ஓர் இரும்புத் துண்டும். அத்துண்டை வைஸில் இறுக்கி, ஆறு பக்கமும் மட்டமாகவும் ஒன்றுக்கொன்று செங்கோணமாகவும் அராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இரும்புக்கும் மட்டத்துக்கும் இடையே மயிரிழை ஒளி கூடத் தெரியலாகாது. அரம் முன்செல்லும்போது மட்டுமே அறுக்கும். பின்னிழுக்கும்போது அழுத்தினால் பற்கள் மழுங்கும். கை சற்றே ஊசலாடினாலும் பரப்பின் நடு மேடாகி ஓரங்கள் தாழ்ந்துவிடும். இதைத் திருத்தித் திருத்திப் பயின்றவனுக்கு இரும்பின் இயல்பு விரலிற் படிந்துவிடும்.

ஆங்கிலேயப் பொறியியற் பட்டறைகளின் பொது வழக்கப்படி, எண் பொறித்த பித்தளை வில்லையைக் கருவி அறையிற் கொடுத்துக் கருவி பெற வேண்டும். மாலையிற் கருவியை ஒப்படைத்து வில்லையைத் திரும்பப் பெற வேண்டும். ஆகவே பட்டறைத் தொழிலாளிக்கும் கருவி சொந்தமில்லை. ஆயினும் பால் வெட்டியவருக்கும் அவனுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. அவன் கருவியை வாயிலில் விட்டு வந்தாலும், அதை ஆளும் அறிவு எந்தப் பட்டறையிலும் செல்லுபடியாகும். செந்தூலிற் கற்ற அராவல், லாரிப் பட்டறையிலும் தையல் எந்திரத்திலும் தண்ணீர்க் குழாயிலும் உதவும். அவ்வறிவு குடும்பத்துக்குள் வந்ததும், கருவியும் வீட்டுக்குள் வரத் தொடங்கியது இயல்பே.

நான்கு அளவுகளின் குழப்பம்

வீட்டுக்கு வந்த கருவிகளுள் முதலிடம் ஸ்பேனருக்கு உரியது. பழைய கருவிப் பெட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கண்டிருப்பர்: ஒரே ‘அரை’ என்று பொறித்த இரண்டு ஸ்பேனர்களின் வாய் அகலம் வேறு வேறாக இருக்கும். இதற்குக் காரணம் நாடுகளின் வரலாறு.

1841இல் ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் திருகு மரைக்கு 55 பாகைக் கோணம் வகுத்தார். பிரிட்டிஷ் பேரரசெங்கும் அம்மரையே பரவியது. அமெரிக்கா 60 பாகையைக் கைக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றின் எந்திரத்தை மற்றொன்று பழுது பார்க்க நேர்ந்தபோது, போல்ட்டுகளும் நட்டுகளும் பொருந்தாமற் பெருந்தொல்லை விளைந்தது. அதனால் 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒருங்கிணைந்த மரைக்கு உடன்பட்டன. விட்வர்த் ஸ்பேனரில் பொறிப்பது போல்ட்டின் விட்டம், நட்டின் அகலமன்று. எனவே ‘அரை அங்குலம்’ எனப் பொறித்த விட்வர்த் ஸ்பேனரின் வாய் முக்கால் அங்குலத்துக்கும் மேற்பட்டது. புதிய முறையிலோ பொறித்த எண்ணே வாயின் அகலம். 1950களில் இந்நாட்டுச் சாலைகளில் மிகுதியாக ஓடிய மோரிஸ், ஆஸ்டின் கார்களுக்கு, அவை செய்யப்பட்ட ஆண்டைப் பொறுத்து இவ்விரு வகையும் தேவைப்பட்டன.

பிறகு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மில்லிமீட்டர் அளவோடு வந்தன. 1967இல் மலேசியாவில் கார் பூட்டும் தொழில் தொடங்கியது. 1972இல் எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டு மெட்ரிக் முறை வேரூன்றியது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் மில்லிமீட்டர் நட்டுகளையே கொண்டிருந்தது. நான்காவது குழப்பம் திருப்புளியில் உண்டு. அமெரிக்க முறையான பிலிப்ஸ் சிலுவைத் திருப்புளியும் ஜப்பானியத் தர அளவுச் சிலுவைத் திருகும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். காப்சாய் மோட்டார் சைக்கிளின் இறுகிய திருகைப் பிலிப்ஸ் திருப்புளியால் திருகினால், முனை நழுவித் திருகின் தலை சிதைந்துவிடும்.

அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனரும் பொருந்துவதாகவே தோன்றும். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூட இல்லாத அந்த இடைவெளி, துருப்பிடித்த நட்டின் மூலைகளை வட்டமாக்கப் போதுமானது. பட்டறையிற் பயின்றவன் இதை விரலாலேயே உணர்வான். கடையிற் பெட்டியாக வாங்கி வந்தவனுக்கு நட்டு கெட்ட பின்னரே தெரியும்.

வாங்கியதும் கற்றதும்

இன்றைய நிலை பழைய நிலைக்கு நேர்மாறானது. தோட்டத்துப் பாட்டியிடம் திறன் இருந்தது. அத்திறனைத் தன் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமை இல்லை. செந்தூல் தொழிலாளியிடம் எங்கும் செல்லும் திறன் இருந்தது, கருவி சொந்தமில்லை. பெட்டாலிங் ஜெயாப் பேரனிடம் அவ்விருவரும் கனவிலும் காணாத கருவிகள் சொந்தமாக உள்ளன. திறன் மட்டும் பெட்டிக்குள் வைத்து விற்கப்படுவதில்லை. பயிலாத கையிலுள்ள கருவி, மரமில்லாத ஊரிலுள்ள பால்வெட்டுக் கத்தியைப் போன்றதே.

அதனினும் தீங்கு செய்யவும் கூடும். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. இரும்புத் தாங்கு கால்களை வைக்காமல் காரின் கீழ்ப் படுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். சக்கர நட்டுகளுக்குச் சிறு கார்களில் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அதனை அளந்து இறுக்கும் ஸ்பேனர் இன்று எளிதிற் கிடைக்கிறது. இறுக்கமான நட்டைத் தள்ளித் திருகுவதினும் தன்பக்கம் இழுத்துத் திருகுவது நன்று. ஸ்பேனர் நழுவினால் விரல் முட்டி இரும்பில் மோதாது. இவையெல்லாம் சிறு செய்திகளே. பழைய பட்டறைகளில் மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுத்த கல்வி இத்தகைய சிறு செய்திகளால் ஆனதே.

புதிதாகப் பட்டறை அமைப்போர் முப்பது கருவிகளை ஒருசேர வாங்குவதினும், ஓர் அரம், ஒரு மூலைமட்டம், நல்ல வைஸ் ஆகியவற்றோடு தொடங்கி ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக்கப் பயில்வது பயன் தரும். மகனோடு மகளையும் அருகில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பட்டையைக் கண்ணால் அளந்து வெட்டிய பெண்ணின் பேத்திக்கு ஸ்பேனர் பிடிக்க வராது என்று கூறுவது வரலாறு அறியாதார் கூற்று. ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் அண்டையில் இருப்பாராயின், அவரிடம் ஒரு மாலை கற்பது பல பெட்டிக் கருவிகளுக்கு ஈடாகும். அத்தகையோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது தமிழர் மரபு. அம்மரபு இந்நாட்டிலும் விடாது போற்றப்படுகிறது. மறுநாள் சந்தனத்தைத் துடைத்து எண்ணெய் இட்டு, அளவு வரிசையில் மாட்டி, இன்னதற்கு இன்னது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாலன்றி அப்பூசை நிறைவு பெறாது. தோட்டம் போனபோது இழந்ததை ஈடு செய்யும் வழிகளுள் அதுவும் ஒன்றாகும்.