தோடரைப் பார்க்கப் போகிறவர்கள்

சித்திரை பிறந்து கரிசல் நிலம் வாய் பிளக்கிற சமயத்தில் கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலைப் பக்கங்களிலிருந்து ஊட்டிக்கு வேன்கள் புறப்படுகின்றன. தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் போகிறார்கள். தாவரவியல் பூங்காவின் மேல் விளிம்பில் ஒரு தோடர் மந்து இருக்கிறது. பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். பூங்காவின் ஒரு பகுதியாகவே அது அவர்களுக்குப் படுகிறது. பூங்கா 1848ல் ஏற்பட்டது. தோடர்கள் அந்த மலைக்கு அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவர்கள்.

இந்தப் பார்வை டூரிஸ்ட் பஸ்ஸோடு பிறந்ததல்ல. 1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகு, அங்கே இங்கிலாந்தின் சீதோஷ்ணத்தைக் கண்டுகொண்ட வெள்ளையருக்கு, தாடியும் போர்வையுமாக நின்ற தோடர் ஒரு புதிராகத் தோன்றினார். ரோமானியர் என்றார்கள், காணாமல்போன யூதக் குலம் என்றார்கள். அதே மலையிலிருந்த கோத்தர், குறும்பர், இருளர் விஷயத்தில் இத்தனை மயக்கம் ஏற்படவில்லை. பார்க்க லட்சணமாக இருப்பவனைத்தான் ஆராயத் தோன்றும் போலிருக்கிறது. 1873ல் கர்னல் மார்ஷல், தோடரின் மண்டை அமைப்பிலிருந்து குணம் சொல்லி ஒரு புத்தகம் போட்டார். மதராஸ் மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு போனார். ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த பென் படம் பிடித்தார். எருமை பலியிடும் சாவுச் சடங்கையும் துரைமார்கள் போய் வேடிக்கை பார்த்தார்கள். நம்மூர் இழவு வீட்டில், ஒப்பாரிக்கு நடுவே டேப் ரிக்கார்டரை நீட்டியவர்களையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இவர்களிலெல்லாம் நாணயமானவர் ரிவர்ஸ். 1901-02ல் மொழிபெயர்ப்பாளர் துணையோடு மந்து மந்தாகப் போய், எருமைப் பாலைக் கடைகிற கோயில்களின் சடங்கு நுணுக்கங்களைக் கேட்டு எழுதினார். சில மாதங்களில் அவருக்கு விஷயம் சொன்னவர்களுக்குக் கெடுதல்கள் நேர்ந்தன. ஒருவர் நோயில் விழுந்தார். ஒருவரின் மனைவி இறந்தாள். அன்னியனிடம் ரகசியத்தைச் சொன்னதால் வந்த தெய்வ கோபம் என்று குறிசொல்லிகள் சொன்னார்கள். அதன்பின் தோடர்கள் அவரிடம் பேசத் தயங்கினார்கள். ரிவர்ஸ் இதை மறைக்காமல் தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். ஆனால் புத்தகம் 1906ல் வந்தது. கோயிலுக்குள் சொல்லவேண்டிய பிரார்த்தனைச் சொற்களும் அதில் அச்சேறியிருந்தன. மானுடவியலில் அது ஒரு பெரிய சாதனைதான். ஆனால் தோடர் சரித்திரத்தில் அதைவிட முக்கியமான சம்பவம் அவர்கள் வாயை மூடிக்கொண்டது. எது வெளியே போகலாம், எது கூடாது என்று அவர்களே தீர்மானித்த இடம் அது. நம்முடைய சரித்திர நூல்களில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

தோடர் கோயிலின் வாசல் மிகச் சிறியது. தவழ்ந்துதான் நுழைய முடியும்; பூசை செய்கிறவர் மட்டுமே நுழையலாம். கரிசல்காரனுக்கு இதைப் புரியவைக்க வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. சுடலைமாடன் கொடையில் சாமியாடி நடுச்சாமத்தில் மயான வேட்டைக்குப் போகும்போது எதிரே யாரும் வரக்கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த மரியாதையை மேட்டுப்பாளையத்திலேயே இறக்கிவைத்துவிட்டு மலையேறுகிறோம். அங்கே இருப்பவர்கள் 'ஆதிவாசிகள்' என்று வேனில் ஏறும்போதே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அந்தமானில் இது இன்னும் கொடூரமான வடிவம் எடுத்தது. ஜாரவாக்களின் காட்டை ஊடுருவும் டிரங்க் ரோட்டை மூடும்படி உச்சநீதிமன்றம் 2002ல் உத்தரவிட்டது. ரோடு மூடப்படவில்லை. ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாக்காரர்கள் முன் ஆடச்சொல்லும் வீடியோ 2012ல் வெளியானபோது உலகம் அதிர்ந்தது. அதில் ஆட்டத்துக்கு விலை உணவு.

தோடர்களை இப்படி வேலி போட்டுக் காக்க முடியாது, அவர்கள் கேட்கவுமில்லை. ஊட்டி அவர்களுடைய ஊர். அவர்களுடைய மேய்ச்சல் புல்வெளியில்தான், நாம் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற யூகலிப்டஸும் சீகை மரங்களும் நடப்பட்டன. எருமைகள் குறைந்ததற்குக் காரணம் கேட்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். பெண்கள் கறுப்பும் சிவப்புமாக இழையோட்டும் பூத்துக்குளிப் போர்வை 2013ல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விற்கிறார்கள், விலை சொல்கிறார்கள். அந்த விலையைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டுத்தான் நம்மவர்கள் கோயில் வாசலில் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.