தண்ணீர்ப் பானையும் தன்னிலையும்

'நான் இன்னார்' என்ற அறிவோடு எவரும் பிறப்பதில்லை. பிறர் நம்மை நடத்தும் விதத்திலிருந்தே அதைப் பெறுகிறோம். இதனைச் சமூகவியல் 'சமூகமயமாதல்' என்கிறது. பிறர் பார்வை என்னும் கண்ணாடியில் தெரிவதே தன்னிலை என்றார் அமெரிக்க அறிஞர் சார்லஸ் கூலி (1902). குழந்தை பிறரது பாத்திரங்களை விளையாட்டில் ஏற்றுப் பழகி, இறுதியில் சமூகம் முழுவதன் எதிர்பார்ப்பையும் தனக்குள் வாங்கிக்கொள்கிறது என்றார் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட். ஊரென்றும் காலனியென்றும் பிரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் அந்தச் 'சமூகம் முழுவதும்' என்பது யார்?

பண்ணையாள் முதியவரை நில உடைமையாளர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பான். முதியவரோ அவனைச் 'சாமி' என்பார். இவ்வழக்கம் இங்கே நெடுங்காலம் நிலவியது. அருகில் நிற்கும் முதியவரின் பேரன் இரண்டு பாத்திரங்களையும் ஒரே நேரத்தில் கற்கிறான். அச்சிறுவனும் கற்கிறான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் இடம் பெரும்பாலும் பள்ளி ஒன்றுதான். அங்கேயும் பானை பிரிந்தே இருந்தது. 1995இல் சேலம் மாவட்டக் கிராமப் பள்ளி ஒன்றில், பிறருக்கான பானையிலிருந்து நீர் பருகியதற்காக ஆசிரியர் அடித்ததில் தலித் சிறுமி ஒருத்தி கண் பார்வையை இழந்தாள். பள்ளிக் குழாயைத் தாமே திறக்க அனுமதியின்றி, பணியாள் வராத நாளில் தாகத்தோடு இருந்த அம்பேத்கரின் மாணவப் பருவத்துக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு இருக்கிறது.

கண்ணுக்கு நேர்ந்தது காயம் என்று சட்டம் அறியும். அவ்வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகள் கற்ற பாடம் குற்றப்பத்திரிகையில் ஏறுவதில்லை. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளியில் பிரித்துவைப்பது கறுப்பினக் குழந்தைகளின் மனத்தில் தாழ்வுணர்வை விதைக்கிறது என்பதையே காரணமாக்கி அப்பிரிவினையைச் செல்லாததாக்கியது. கென்னத், மேமி கிளார்க் இணையர் பொம்மைகளைக் கொண்டு நடத்திய ஆய்வும் அத்தீர்ப்பில் மேற்கோளாயிற்று. அத்தகைய சான்றை நம் வழக்குகளில் நாம் போதிய அளவு முன்வைப்பதில்லை.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் ஆதிக்கச் சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். சாதி அமைப்பின் தலைவர் யுவராஜ் உள்ளிட்டோருக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 'காவலர்' என்ற பாத்திரத்தைக் கொலையாளிகளுக்குக் கொடுத்தது அவர்களது சாதிச் சமூகமே. மேல்முறையீட்டில் அத்தோழியை நேரில் அழைத்துக் கோயில் கேமராக் காட்சியைக் காட்டினர் நீதிபதிகள். அதிலிருக்கும் பெண் தாம் அல்ல என்றார் அவர். தன் உருவத்தையே மறுக்கச் செய்யும் அச்சம் எத்தகையது! அவரைக் குறைகூறுவது எளிது. அது நம் வேலையன்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பொது நீரையும் கல்விக்கூடத்தையும் மறுப்பதைக் குற்றமாக்கியதோடு, 15ஏ பிரிவில் சாட்சிகளின் பாதுகாப்பை அரசின் கடமையாக்கியது. பள்ளிக் கொடுமைப் புகார்களை எழுதும் தோழர்கள், அருகிலிருந்து பார்த்த பிள்ளைகள் கண்டதையும் பதிவு செய்து, முதல் நாளிலேயே அப்பிரிவின்கீழ் பாதுகாப்புக் கோர வேண்டும்.