தோட்டத்துக் கால்களும் மெலனோமாவும்: புற்றுநோய்ப் பரவலில் மரபணுக் கட்டுப்பாடு

மலேசியாவில் போர்டிக்சனைச் சுற்றி, லுக்குட் தொடங்கி லின்சம், சிலியாவ் வரை விரிந்திருந்த ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக விடியற்காலைப் பிரட்டு (ஆள்கணக்கெடுப்பு) முடித்துப் பால்மரம் சீவப் போனார்கள். புல் வெட்டியவர்களும் பின்னாளில் செம்பனைக் குலை அறுத்தவர்களும் வெயிலிலேயே காய்ந்தார்கள். ஆனாலும் தோல் புற்றுநோய்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்றான மெலனோமா, கருந்தோல் கொண்ட இவர்களைப் போன்ற மக்களிடம் அரிது. அப்படி வரும்போது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் பெரும்பாலும் வருகிறது. வெயிலால் மரபணு சிதைந்து புற்றுநோய் வருகிறது என்ற ஒற்றை விளக்கம் இங்கே போதவில்லை. எந்த மரபணு சிதைந்தது என்று கேட்பதோடு, எந்த மரபணு எங்கே, எப்போது இயக்கப்படுகிறது என்றும் கேட்டால்தான் இந்நோயின் இருப்பிடமும் பரவலும் விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1806இல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் இக்கருங்கட்டியைத் தனி நோயாக விவரித்தார். 1889இல் ஸ்டீபன் பேஜெட், புற்றுநோய் கண்டபடி பரவுவதில்லை, விதைக்கேற்ற மண் வேண்டும் என்று வாதிட்டார். 1977இல் ஆய்வாளர்கள் ஃபிட்லரும் கிரிப்கியும் எலியின் மெலனோமாக் கட்டி ஒன்றிலிருந்து செல்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்து, எலிகளுக்குள் செலுத்தினார்கள். சில வகைச் செல்கள் நுரையீரலில் ஏராளமாகக் குடியேறின. சில மிகக் குறைவாகவே குடியேறின. ஒரே கட்டிக்குள்ளேயே பரவும் திறன் வேறுபடுகிறது என்று தெரிந்தது. ஆனால் அத்திறனைத் தருவது எது? 2002இல் பல மெலனோமாக்களில் பிராஃப் மரபணுத் திரிபு கண்டறியப்பட்டபோது விடை திரிபுகளில்தான் இருக்கும் என்று எண்ண இடம் கிடைத்தது.

ஆனால் மூலக்கட்டியையும் அதிலிருந்து ஈரலுக்கோ மூளைக்கோ பரவிய கட்டியையும் ஒப்பிட்டபோது, முக்கியத் திரிபுகள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. பரவலுக்கே உரிய பொதுவான திரிபு ஒன்று அகப்படவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியது மிட்ஃப் என்னும் புரதம் பற்றிய ஆய்வு. நிறமிச் செல்லின் பல மரபணுக்களை இயக்குவது இந்தப் புரதம்தான். இது போதிய அளவில் இருக்கும்போது செல் பெருகுகிறது. குறைந்தால் பெருக்கம் தளர்ந்து, ஊடுருவும் குணம் மேலோங்குகிறது. 2008இல் சூரிக்கில் கீத் ஹோக் குழுவினர் பெருகும் வகைச் செல்களையும் ஊடுருவும் வகைச் செல்களையும் தனித்தனியே எலிகளில் செலுத்தினர். எந்த வகையைச் செலுத்தினாலும், வளர்ந்த கட்டியில் இரு வகையுமே இருந்தன. செல்கள் தம் நிலையை மாற்றிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நிறமிச் செல்லின் பிறப்பை எண்ணினால் இது வியப்பும் அல்ல: கருவில் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு, உடலெங்கும் நடந்து தோலை அடைந்த செல் அது. அந்தப் பயணத்துக்கு உதவும் ஸ்லக் மரபணுவே மெலனோமா பரவவும் தேவைப்படுகிறது என்று 2005இல் வைன்பெர்க் ஆய்வகம் காட்டியது.

திரிந்த பிராஃபைத் தடுக்கும் மருந்துகள் கட்டியைக் கரைக்கின்றனவே, அப்படியானால் திரிபுதானே மூலம் என்று மறுக்கலாம். கரைப்பது உண்மை. ஆனால் பலருக்குக் கட்டி மீண்டும் வருகிறது. அப்படி மீண்டவற்றில் சில புதிய திரிபுகளைக் கொண்டிருந்தன. வேறு சில மிட்ஃப் குறைந்த நிலைக்கு மாறியிருந்தன. திரிபுக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே கோடு கிழிப்பதும் எளிதல்ல. 2013இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் டெர்ட் மரபணுவில் கண்ட திரிபுகள் புரதத்துக்கான பகுதியில் இல்லை. அம்மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்று முடிவு செய்யும் முன்பகுதியில் இருந்தன. அங்கே சிதைந்தது கட்டுப்பாடேதான்.

உள்ளங்கால் மெலனோமாவில் இவ்வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. 2017இல் வெளியான ஆஸ்திரேலிய முழுமரபணு ஆய்வில், இவ்வகைக் கட்டிகளில் வெயிலின் தடயம் பெரும்பாலும் இல்லை. குரோமோசோம் துண்டுகள் இடம்மாறியும் பன்மடங்காகியும் இருந்தன. 2022இல் ரிச்சர்ட் வைட் குழுவினர், இவற்றில் மிகுந்து காணப்படும் சிஆர்கேஎல் மரபணுவை வரிக்குதிரை மீனின் நிறமிச் செல்களில் கூட்டினர். கட்டிகள் உடலைவிடத் துடுப்புகளிலேயே மிகுதியாக எழுந்தன. துடுப்பு நம் கைகால்களின் முன்னோடி. கருவில் கைகால் நுனிக்கு இடம் குறித்த ஹாக்ஸ்13 மரபணுக்கள் அச்செல்களில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. அவையே சிஆர்கேஎல்லுடன் சேர்ந்து வளர்ச்சிச் சமிக்ஞையைப் பெருக்கின.

இது கட்டி தோன்றும் இடத்தைத்தான் விளக்குகிறது, பரவலை அல்ல என்ற மறுப்பு நியாயமானது. பிறந்த இடத்தின் கட்டுப்பாட்டு நிலையைச் சுமந்துசெல்லும் செல் பரவும்போதும் அதற்கேற்ப நடந்துகொள்ளும் என்பது என் ஊகம், இன்னும் நிறுவப்படாதது. தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்த உழைப்பே உள்ளங்கால் கட்டிக்குக் காரணம் என்று சொல்வதிலும் அவசரம் கூடாது. பாதத்தில் எடை தாங்கும் பகுதிகளிலேயே இக்கட்டி மிகுதி என்று 2016இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. ஆனால் அந்த அழுத்தம் செருப்பணிந்த காலுக்கும் உண்டு. அழுத்தத்துக்கு அங்குள்ள செல் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதே கேள்வி. அது மீண்டும் மரபணுக் கட்டுப்பாட்டிடமே நம்மைக் கொண்டுவருகிறது.

இக்கட்டி பலரிடம் முள் குத்திய தழும்பு, ஆணிக்கால், நீரிழிவுப் புண் என்றே எண்ணப்பட்டு, நிணநீர்க் கணுவை எட்டிய பிறகே மருத்துவரிடம் வருகிறது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வழியே உள்ளங்கால் ரேகைகளைப் பார்த்தால் சாதாரண மச்சத்தின் கருமை பெரும்பாலும் பள்ளங்களில் ஓடும்; மெலனோமாவின் கருமை மேடுகளில் படரும். தோட்டங்களை விட்டு நகர்ப்புற வீடமைப்புகளுக்குக் குடிபெயர்ந்த முதியவர்களில் நீரிழிவு மிகுதி. சுகாதாரக் கிளினிக்குகளில் அவர்களுடைய பாதம் எப்படியும் பரிசோதிக்கப்படுகிறது. அப்போதே அந்த மேடுகளையும் கால் நகங்களையும் ஒருமுறை பார்க்கலாம்.