பஸ்கா மேசைக் கைவினைகள்

யூதர்களின் பஸ்கா பண்டிகையில் நடக்கும் ‘செதேர்’ இரவு விருந்துக்காகச் சிறுவர்கள் செய்யும் பொருள்கள் இவை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுபட்டதை நினைவுகூரும் இப்பண்டிகை, யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 15ஆம் நாள் தொடங்குகிறது.

‘மாட்சா’ எனும் புளிப்பில்லா அப்பங்கள் மூன்றை வைக்கும் துணியுறை முதன்மையானது. சிறுவர் அதில் வண்ணம் தீட்டுவர். நடு அப்பத்தின் உடைத்த பாதி ‘அஃபிகோமன்’ எனப்படும். அதை ஒளித்துவைக்கச் சிறு பையும் தைப்பர்; விருந்தின் இறுதியில் பிள்ளைகள் தேடி எடுப்பர். கசப்புக்கீரை, முட்டை முதலியவற்றுக்கான செதேர் தட்டு, எலியா தீர்க்கதரிசியின் கிண்ணம், எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளை நினைவூட்டும் காகிதத் தவளைகள் ஆகியவையும் செய்யப்படுகின்றன.

மேசையைக் கண்டு பிள்ளைகள் கேள்வி கேட்பதே இவ்விருந்தின் மையம். மரபான நான்கு கேள்விகளை வழக்கமாக வீட்டின் இளைய பிள்ளை கேட்கும்.