கஞ்சித்தொட்டி

சத்திரம், தர்மசாலை, அறக்கட்டளை எல்லாம் கொடுப்பவரின் புண்ணியத்தோடு ஒட்டிய சொற்கள். கஞ்சித்தொட்டியில் கொடுப்பவருக்கு இடமே இல்லை; உணவும் அதை ஊற்றி வைத்த கலமும்தான் உண்டு. மாட்டுக்குக் கழுநீர் வைப்பதும் தொட்டியில்தான். மனிதருக்கும் அப்படி ஊற்றவேண்டி வந்ததென்றால் ஊரின் நிலையைத் தனியே சொல்லவேண்டியதில்லை. ஆகவே, தொட்டியைத் திறப்பவர் பசியாற்றுவதோடு நிற்பதில்லை, இங்கே பஞ்சம் வந்துவிட்டது என்று ஊரறியச் சொல்லியும் விடுகிறார். இந்தச் சொல்லின் வரலாறு முழுக்க இவ்விரண்டு வேலைகளும் சேர்ந்தே வருகின்றன.

வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-இல், ஹைதர் அலியோடு நடந்த போர்க்காலத்துப் பஞ்சத்தில், மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரமாயிற்று. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. ஆளுநர் ஒருவரின் பெயர் பலகையில் ஏறிய பிறகும், பசித்தவர்கள் வைத்த பெயர் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

தாது வருஷப் பஞ்சம் (1876–78) இச்சொல்லுக்குப் பெரிய சோதனைக்காலம். செலவைக் குறைக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில், நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதில் வேலை செய்யும் உடம்பு தாங்காது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து நின்றார். உண்மையிலேயே பசிக்கிறவனா என்று உழைப்பை வாங்கிப் பார்ப்பதுதான் அரசின் அளவுகோல். தொட்டி கேட்டதோ ஒரு சட்டியை மட்டும். நீட்டிய சட்டியில் ஓர் அகப்பை நீர்த்த கஞ்சி விழும். நாட்கணக்கில் காய்ந்த வயிறு கெட்டிச் சோற்றை ஏற்காது என்பதால், அந்த நீர்த்த தன்மையும் தேவையாகவே இருந்தது.

கஞ்சி ஊற்றினால் பஞ்சம் தீருமா, மானமுள்ளவர் அந்த வரிசையில் வந்து நிற்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். முதல் கேள்விக்கு நன்கொடையாளர்களே அப்போது பதில் தேடினார்கள். 1877 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் லண்டன் மேயருக்கு வேண்டுகோள் அனுப்பினார்; வைசிராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. சேர்ந்த நிதியைப் பங்கிட்ட குழுவுக்குச் செயலாளர் வில்லியம் டிக்பி என்ற பத்திரிகை ஆசிரியர். உயிரைக் காப்பது அரசின் கடமை என்று வைத்துக்கொண்டு, விதை, உழவு மாடு, கூரை, துணி, அனாதைக் குழந்தைகளின் பராமரிப்பு என்று நிதியை அந்தக் குழு செலவிட்டது. பிழைத்தவரை மறுபடி குடியானவராக்கும் வேலை அது. தொட்டியால் அது முடியாது. ஆனால் விதை நெல் வந்து சேரும்போது அதை வாங்க ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே! மானத்தைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. பசியை எல்லோர் முன்னும் காட்டவேண்டி வருவதும் வலிதான். அந்த வலியைத் தராமல் வீடு தேடிக் கொடுக்க முடிந்தால் அதுவே மேல். முடியாத இடத்தில், மூடிய கதவுக்குள் பட்டினி கிடந்து சாவதை மானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்னாளில் நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வேலை பறிபோனபோது கஞ்சித்தொட்டி திறப்பதையே போராட்டமாக்கினார்கள். அரசியல்வாதிகள் படம் எடுத்துக்கொள்ளும் நாடகம் என்று அதைத் தள்ளுவோர் உண்டு. நாடகமும் கலந்திருக்கலாம். ஆனால் தறி ஓடாத தெருவில் கஞ்சி காய்கிறது என்ற செய்திக்கு எந்த அமைச்சரும் பதில் சொல்லியாகவேண்டும்; அந்த வலுவைச் சொல்லுக்குக் கொடுத்தது பழைய பஞ்சங்களின் நினைவு.

ஈழத்தில் தொட்டி என்ற சொல் இல்லாமலே அதே பொருள் தொடர்கிறது. 2009-இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் ஷெல் விழும்போதும் அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்குச் சனங்கள் வரிசையில் நின்றார்கள். இன்று ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சித் தெருவில் போவோர் வருவோருக்குக் கொடுக்கிறார்கள். குடிப்பவருக்கு அன்று பசி இல்லாமல் இருக்கலாம். ஊரறியச் சொல்லும் வேலை மட்டும் அப்படியே நடக்கிறது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டார்கள்.