மிதிவண்டி எல்.இ.டி. விளக்கும் பேட்டரியின் வோல்ட்டும்

மிதிவண்டியில் மாட்டும் எல்.இ.டி. விளக்குக்கு ரீசார்ஜ் பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு அளவுகள் கணக்கில் வரும். ஒன்று, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி தரும் மின்னழுத்தம். மற்றொன்று, தீரும் தறுவாயில் அது தரும் மின்னழுத்தம். இரண்டுமே விளக்கின் மின்சுற்று ஏற்கும் எல்லைக்குள் அடங்கினால் பேட்டரியும் விளக்கும் பொருந்தும். பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் எண் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பெயரளவு மதிப்புதான். கடையில் எல்லோரும் பார்ப்பது அதை மட்டுமே. கருகிப்போகும் விளக்குகளில் பல அப்படி வாங்கப்பட்டவை.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கன்னிவாடி போன்ற பேரூர்களில் தெருவிளக்கு ஊர் எல்லையோடு நின்றுவிடும். அதற்கப்பால் தோட்டத்துக்கோ பக்கத்துக் கிராமத்துக்கோ சைக்கிளில் போகிறவர் தம் வெளிச்சத்தைத் தாமே கொண்டுபோக வேண்டும். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் கிராமத்து வீடுகளில் சைக்கிள் பெருகியது. விளக்கு பெரும்பாலும் தனியாக வாங்கி மாட்டுவதாகவே இருக்கிறது.

முந்தைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. டயரில் உரசிச் சுழலும் டைனமோ 6 வோல்ட், 3 வாட் என்ற அளவில் வந்தது. முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்று பல்புகளும் அதற்கேற்பவே விற்றன. அமைப்பு மொத்தமும் ஒரே எண்ணில் அடங்கியது. ஷுஜி நகமுரா ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார்; அதன்மேல் பாஸ்பர் பூசிய வெள்ளை எல்.இ.டி. 1996இல் சந்தைக்கு வந்தது.  எல்.இ.டி. விளக்குகளோடு டைனமோவின் இடத்தைப் பேட்டரி பிடிக்க, ஒரே எண் என்ற வசதி போய்விட்டது.

இழை பல்பு வோல்ட்டுக்குக் கட்டுப்படும், எல்.இ.டி. மின்னோட்டத்துக்குக் கட்டுப்படும். வெள்ளை எல்.இ.டி. சுமார் 2.8 முதல் 3.4 வோல்ட்டுக்குள் எரிகிறது. அந்த எல்லைக்குள் கால் வோல்ட் கூடினாலே மின்னோட்டம் இரண்டு மடங்கு ஆகலாம். சூடு ஏற ஏற அதற்குத் தேவையான வோல்ட் குறையும்; அதே பேட்டரியிலிருந்து இன்னும் அதிக மின்னோட்டம் பாயும்; அதனால் மேலும் சூடாகும். இந்தச் சுழலை நிறுத்தத்தான் இடையில் ஒரு ரெசிஸ்டரோ டிரைவர் எனப்படும் சிறு மின்சுற்றோ வைக்கிறார்கள். ஆகவே பேட்டரி பொருந்த வேண்டியது டிரைவருக்கு. எல்.இ.டி.யைக் கவனித்துக்கொள்வது டிரைவரின் வேலை.

பேட்டரி வகைகளின் உண்மையான வீச்சு இது. லித்தியம் அயனி செல் பெயரளவில் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2, ஏறக்குறைய 3.0இல் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் பெயரளவில் 3.2; சார்ஜரின் உச்சம் 3.65, அடித்தளம் 2.5. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 என்று அச்சிட்டிருந்தாலும் புதுச் சார்ஜில் 1.4ஐத் தாண்டும், 1.0இல் ஓய்ந்துவிடும். செல்களைத் தொடராகக் கோத்தால் இவை பெருகும்: இரண்டு லித்தியம் அயனி செல் தொடராக இருந்தால் 6.0 முதல் 8.4 வோல்ட் வரை. இணையாகக் கோத்தால் வோல்ட் மாறாது, கொள்ளளவு மட்டும் கூடும். ஒரே பேட்டரியை ஒரு கடை 7.4 வோல்ட் என்றும் இன்னொரு கடை 8.4 வோல்ட் என்றும் விற்பது இதனால்தான். முதல் எண் சராசரி, இரண்டாவது உச்சம்.

டைனமோ காலத்து 6 வோல்ட் இழை பல்பில் இந்த 7.4 வோல்ட் பேட்டரியை மாட்டினால் பல்பு பளிச்சென்று எரிந்து சீக்கிரமே அறுந்துவிடும். ஐந்து நிக்கல் செல்லைத் தொடராக வைத்தால் பெயரளவில் 6 வோல்ட் வரும்.

பைக் அலங்காரக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையைச் சைக்கிளில் ஒட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பட்டையில் மூன்று எல்.இ.டி. தொடராகவும், அவற்றோடு பெரும்பாலும் 151 என்று குறித்த ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். 151 என்றால் 150 ஓம். மூன்று எல்.இ.டி.க்கும் சேர்த்து 9.3 வோல்ட் என்று கொண்டால், 12 வோல்ட்டில் மிஞ்சும் 2.7 வோல்ட் அந்த ரெசிஸ்டர் வழியே 18 மில்லிஆம்பியரை விடும். மோட்டார் சைக்கிள் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டில் அது 34 ஆகிறது. மூன்று லித்தியம் அயனி செல் கொண்ட பேட்டரியில் 12.6 வோல்ட்டில் 22 மில்லிஆம்பியரில் தொடங்கி, 9 வோல்ட்டை நெருங்கும்போது வெளிச்சம் செத்துவிடும். பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் மீதமிருக்கும்போதே பாதை இருண்டு போகும். நான்கு இரும்பு பாஸ்பேட் செல் இந்தப் பட்டைக்கு நன்றாகப் பொருந்தும். அதன் வோல்ட் பயணத்தின் பெரும்பகுதியில் 13ஐ ஒட்டியே அசையாமல் நிற்கும்.

திண்டுக்கல் பகுதியில் அடிக்கடி நடக்கும் மாற்று வேலை வேறொன்று. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் பூப்பறிக்கவும், தோட்டங்களில் இரவு தண்ணீர் பாய்ச்சவும் பயன்படும் சார்ஜ் டார்ச்சுகளில் 4 வோல்ட் காரீய அமில பேட்டரி இருக்கும். அது ஓய்ந்தபின் அந்த இடத்தில் 18650 எனப்படும், 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு லித்தியம் செல்லை வைத்து, கைப்பிடியில் கட்டிவிடுகிறார்கள். எரிவதைப் பொறுத்தவரை பொருத்தம் கச்சிதம்: காரீய பேட்டரியின் 4.2 வோல்ட்டுக்கு லித்தியத்தின் 4.2 வோல்ட். ஆபத்து சார்ஜ் ஏற்றும்போதுதான். மலிவான டார்ச்சுகளில் சுவர் மின்சாரம் ஒரு கெப்பாசிட்டரும் நான்கு டயோடும் வழியாக நேரே பேட்டரிக்குப் போகிறது. எந்த வோல்ட்டில் நிறுத்துவது என்று அந்தச் சுற்றுக்குத் தெரியாது. காரீய பேட்டரி 4.8 வோல்ட் வரை பொறுத்துக்கொண்டு மெல்லக் காய்ந்துபோகும். லித்தியம் செல் 4.2ஐத் தாண்டித் தொடர்ந்து ஏற்றினால் வீங்கும், தீப்பற்றவும் கூடும். இந்த மாற்றத்தைச் செய்பவர் பழைய பின்னையும் அதன் சுற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, 4.2 வோல்ட்டில் தானே நிற்கும் லித்தியம் சார்ஜர் பலகை ஒன்றைப் பொருத்த வேண்டும். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூட வராது. இதில் மிச்சம் பிடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதே கவனம் பெரிய பேட்டரிக்கும் வேண்டும். மூன்று செல் லித்தியம் பேட்டரிக்கு 12.6 வோல்ட் சார்ஜர்; காரீய பேட்டரிக்கான 14.4 வோல்ட் சார்ஜரின் பின் அதே துளையில் சிக்கென்று உட்காரும். பி.எம்.எஸ். எனப்படும் பாதுகாப்புப் பலகை இருந்தால் தடுக்கும். ஆனால் அதை நம்பி தினமும் தவறான சார்ஜரைச் சொருகக் கூடாது.

மூன்று பென்சில் செல் போடும் சிறு விளக்குகளில் தனி டிரைவர் இல்லாமலும் இருப்பதுண்டு. செல்களின் உள்மின்தடையே அங்கே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 4.5 வோல்ட்டைவிட 4.2 குறைவுதானே என்று அதில் ஒரு 18650 செல்லை வைத்தால், அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் முன்னிலும் அதிகமாகப் பாயலாம். வோல்ட் கணக்கு மட்டும் காப்பாற்றாத இடம் இது.

டிரைவர்களில் வோல்ட்டை இறக்குபவை உண்டு, ஏற்றுபவை உண்டு. இறக்கும் டிரைவருக்கு எல்.இ.டி. தொடரின் தேவையைவிடச் சற்று அதிகமான வோல்ட் கடைசிவரை கிடைக்க வேண்டும். ஏற்றும் டிரைவரிடம் விபரீதம் வேறு: பேட்டரியின் வோல்ட் எல்.இ.டி.யின் தேவையைத் தாண்டினால், மின்னோட்டம் சுருளும் டயோடும் வழியே கட்டுப்பாடின்றி நேரே பாயும். ஒரு செல்லுக்கென்று செய்த ஏற்றும் டிரைவர் விளக்கில் இரண்டு செல்லைத் தொடராக மாட்டினால் இதுதான் நடக்கும்.

எவ்வளவு நேரம் எரியும் என்பதை மில்லிஆம்பியர்-மணியை வைத்து ஒப்பிடுவது ஏமாற்றும். வாட்-மணிதான் சரியான அளவு. 7.4 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 14.8 வாட்-மணி இருக்கிறது. 5 வாட் எல்.இ.டி.க்கு 85 விழுக்காடு திறனுள்ள டிரைவர் 5.9 வாட் இழுக்கும்; ஆக இரண்டரை மணி நேரம். மெல்லிய கம்பி இதிலும் கொஞ்சம் தின்னும்: போக வர இரண்டு மீட்டர் நீளமுள்ள 24 கேஜ் கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்பியிலேயே போய்விடும். ஒற்றைச் செல் விளக்கில் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியும்.

வாங்குமுன் மல்டிமீட்டரால் பேட்டரியை விளக்கு எரியும் நிலையிலேயே அளப்பது நல்லது. சும்மா வைத்திருக்கும்போது 4.1 காட்டும் பழைய செல், சுமை ஏறியதும் 3.3க்குச் சரிவது சாதாரணம். லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்களில் இது அதிகம். புதிய செல்லில் ஐ.எஸ். 16046 பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். சித்திரை வெயிலில் நிறுத்திய சைக்கிளிலிருந்து கழற்றிய பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிட வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் அயனி செல்லுக்குச் சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.